ஆறாவது மலைக்குச் சாட்சி

முழங்காலில் தேய்வதற்கு இனி ஒன்றும் மிச்சமில்லை, இந்த வருஷத்தோடு ஓட்டத்தை விட்டுவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே அதுதான் எனக்குக் கடைசித் தடவை. நாங்கள் இருக்கும் விக்டோரியா மாநிலத்தின் உயர்மலைப் பக்கம் ஆறு மலைகள். விடிந்ததும் புறப்பட்டு, பொழுது படுவதற்குள் ஆறின் உச்சியையும் தொட்டுத் திரும்பவேண்டும். இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஐந்தாவதோடு தோற்று வந்தவள் நான். நாற்பத்தெட்டு வயதில் உனக்கென்ன விசரா என்று வீட்டில் கேட்டார்கள். விசர்தான். வேறென்ன சொல்ல?

இந்தச் சுற்றைத் தனியே ஓடினால் செல்லாது. ஒவ்வொரு உச்சியிலும் ஒருவர் கூட நின்று பார்த்துச் சாட்சி சொல்லவேண்டும். கூட ஓடி வருகிறவர்களை பேசர் என்போம். தண்ணீர், சாப்பாடு, வரைபடம் எல்லாம் அவர்கள் முதுகில்தான். முதல் நாலு மலைக்கு மல்கிரேவில் என் அடுத்த தெருவில் இருக்கும் தோழி, மதுரைக்காரி. கடைசி இரண்டுக்கு நகரத்தின் மறுகோடியில் இருக்கும் கிரெய்கிபர்னிலிருந்து ஒரு தம்பி. கூடப் பிறந்தவனல்ல, கோயிலில் பழக்கமானவன். இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கேட்டவுடனே, "ஓம் அக்கா, வாறன்" என்றவன்.

நாலாவது மலையிலிருந்து ரோட்டுக்கு இறங்கியபோது மழை பக்கவாட்டில் அடித்தது. தோழி கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "மேல ஒண்ணுமே தெரியலடி. போதும், ஏறு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

"வாயை மூடு. போற நேரத்தில அபசகுனமாக் கதைக்காதை" என்று பாய்ந்தேன். அங்கே காத்திருந்த தம்பி சிரித்தபடி பையை மாட்டிக்கொண்டான்.

ஐந்தாவது உச்சியில் மழை பனித்துகளாக மாறியிருந்தது. என் கையுறை நனைந்துபோனதைப் பார்த்துத் தன்னுடையதைக் கழற்றித் தந்தான். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிவிட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். குளிருதா என்று கேட்டேன். "இல்லை அக்கா, ஓகே" என்றான், பல் கிடுகிடுக்க. உதவிக்கென்று வந்துவிட்டால் எங்கட ஆக்கள் ஏலாது என்று சொல்லவே மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஓகேயை எடுத்துக்கொண்டேன்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் மலை தாழ்கிற இடத்தில், கீழே ரோட்டுக்கு ஒரு பாதை பிரியும். அங்கே வந்தபோது அவன் நடுக்கம் நின்றிருந்தது. சூடாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன். நான் இருபது வருஷமாக அவசரப் பிரிவில் நர்ஸ். ஊறி நனைந்த உடம்பு நடுங்குவதை நிறுத்தினால் அது போராட்டத்தைக் கைவிடுகிறது என்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவள். அன்றைக்கு எனக்கு ஆறாவது மலை மட்டும்தான் தெரிந்தது.

"அக்கா, திரும்புவமோ?" என்றான்.

ஒரே ஒரு தடவைதான் கேட்டான். காற்று இரைந்தது, ஆனாலும் தெளிவாகக் கேட்டது. கேட்காததுபோல் முன்னால் ஏறினேன். சாட்சி இல்லாவிட்டால் உச்சி செல்லாது, அவன் பின்னால் வருவான் என்று தெரியும். வந்தான்.

உச்சியில் அடையாளத்துக்கு அடுக்கிய கற்குவியலைத் தொட்டேன். "கண்டனான் அக்கா" என்றான். நாக்குத் தடித்திருந்தது. இறங்கும்போது சட்டென்று உட்கார்ந்து, "வெக்கையா இருக்கு" என்று ஜாக்கெட்டின் ஜிப்பை இழுக்கத் தொடங்கினான். ஐயோ, குளிரில் சாகப்போகிற உடம்புதான் கடைசியில் வெக்கை என்னும்; அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையிலிருந்த வெள்ளித்தாள் போர்வையை எங்கள் இருவர் மேலும் சுற்றி, அவனைக் கட்டிக்கொண்டு போனில் கத்தினேன். அந்த மூட்டத்தில் ஹெலிகாப்டர் எழும்பவில்லை. ஆட்கள் நடந்து வந்து சேர இரண்டு மணி நேரமானது.

ஆம்புலன்ஸில் அவன் இதயம் ஒருமுறை நின்று, திரும்பத் துடித்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏலாது, திரும்புவம் எண்டு ஒருக்காவெண்டாலும் அவர் கேக்கேல்லையா அக்கா?"

"இல்லையம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

பிழைத்துவிட்டான். ஆனால் அந்த நாள் அவன் நினைவில் இல்லை. வேறு பலதும் இல்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து போகிறான், கார் ஓட்ட விடுவதில்லை, வேலையும் போயிற்று. நான் தொட்ட ஆறாவது மலையை எங்கேயும் பதியவில்லை. பதியாமல் விட்டதால் எனக்கு ஒரு புண்ணியமும் வந்துவிடவில்லை.

போன மாதம் கிரெய்கிபர்னுக்குப் போனேன். மெலிந்துபோயிருந்தான். பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "ஹாய் அன்ரி" என்றுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டு அவன் பக்கத்தில் அமர்ந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா" என்றான். "உங்கட கடைசிச் சான்ஸ். நான் ஏலாதெண்டு வாய் திறந்து சொல்லியிருந்தா வேற ஆரையும் கூட்டிக்கொண்டு போயிருப்பியள். என்னாலதான் எல்லாம் பழுதாப் போச்சு."

அவன் கண் கலங்கியிருந்தது. மனைவி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ கேட்டாய் தம்பி, நான்தான் திரும்பவில்லை என்று சொல்லத்தான் அத்தனை தூரம் கார் ஓட்டிப் போயிருந்தேன். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தேன்.

"அதுக்கென்ன தம்பி, பரவாயில்லை" என்றேன்.