வெண்டைப் பாத்தியில் மாடுகள்

அந்த வருஷம் மழை எங்களை மறந்துவிட்டது. மழைக்குப் பேர்போன தைப்பிங்கிலேயே சாக்கடை காய்ந்து கிடந்தது என்றால் எங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

ஈப்போவிலிருந்து தைப்பிங் போகிற பழைய சாலையில், ரப்பரை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட தோட்டம் ஒன்றின் ஓரத்தில் நானும் என் கணவரும் காய்கறி போட்டிருந்தோம். நிலம் எங்களுடையது அல்ல. பெரிய மின்கம்பிகள் தலைக்கு மேலே போகிற நீளமான பட்டை அது. அங்கே வீடு கட்டக்கூடாது, மரம் வளர்க்கக்கூடாது. செடி போட்டால் யாரும் கேட்பதில்லை. லயத்து வீடுகளை இடித்தபோது மற்றவர்கள் பட்டணத்து ஃபேக்டரிகளுக்குப் போனார்கள். என் கணவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் கம்பிகளுக்குக் கீழே போனார்.

முதலில் மிளகாய் போனது. இலைகள் சுருண்டன, அடியில் வெள்ளை ஈ மொய்த்தது, பூ பிஞ்சாகாமல் உதிர்ந்தது. மருந்து அடித்துப் பார்த்தோம். கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்தினோம். அந்தப் புகையில் இருமிக்கொண்டே அவர், "அடுத்தது கத்தரி, பாரு" என்றார். அப்படியே ஆனது. ஓடை வற்றி, பம்பு சேற்றை இழுத்துத் திணறி நின்றது. ஓடையை ஒட்டி இருந்த வெண்டை மட்டும் பச்சையாக நின்றது. மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும் டின்களைக் கட்டி வீட்டுக் குழாய்த் தண்ணீரைக் கொண்டுபோய், ஒவ்வொரு செடிக்கும் குவளையால் ஊற்றினோம்.

அந்த மாதங்களில் என் கணவரின் முகம் மாறியது. அரிசியை இரண்டாவது தடவை கழுவினால் கத்தினார். வலையில் சிக்கிய குரங்கு ஒன்றைக் கட்டையால் அடித்துக் கொன்று, மற்றக் குரங்குகள் பார்க்கட்டும் என்று வேலியில் தொங்கவிட்டார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அனுமாருக்கு வடமாலை சாத்துற கைடா இது."

"அனுமாரு வந்து தண்ணி ஊத்துவாரா, கேட்டுச் சொல்லு லா" என்றார் இவர்.

அக்கா என்றுதான் நானும் கூப்பிடுவேன். எனக்கு நாத்தனார். புருஷன் இல்லை. ஒரே மகன் தஞ்சோங் மாலிமில் கார் ஃபேக்டரியில் இருந்தான். அம்மா இல்லாத வீட்டில் என் கணவரைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். என்னைப் பெண் பார்க்க வந்து, என் கையைப் பிடித்துப் பார்த்து, "வேல செஞ்ச கை, போதும்" என்று முடித்தவரும் அவர்தான். செம்பனைக் காட்டுக்குள் மாடுகளை மேய்த்து, பாலைத் தேநீர்க் கடைகளுக்கும் கோயிலுக்கும் கொடுத்துவந்தார். அந்த வருஷம் தோட்டத்து நிர்வாகம் செம்பனை அடியில் புல்லுக்கு மருந்தடித்துவிட்டு, மாடு உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டது. மாடுகளின் விலா எலும்பு தெரிந்தது. அக்கா சாலையோரத்தில் புல் அறுத்து, சுமந்துவந்து போட்டார்.

ஒருநாள் எங்களிடம் வந்து, "கத்தரிதான் காஞ்சு போச்சே. அந்தப் பக்கம் மாட்ட விடட்டுமா, தம்பி?" என்று கேட்டார்.

"விட்டா வெண்டையில வாய வைக்கும். முடியாது."

"நான் கூடவே நிக்கிறேன்டா."

"முடியாதுன்னா முடியாது, அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். நான் குவளையைப் பார்த்தேன்.

அக்காவின் செவலைப் பசு உள்ளே வந்தது நல்ல உச்சிவெயிலில். தகரக் கொட்டகையில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். வேலி முறியும் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது அது வெண்டைக்குள் நின்று, காயும் இலையுமாக இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. நிறைசினை. வயிறு செடிகளில் உரசியது. என் கணவர் பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினார். பயம் காட்டி விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். பின்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, நரம்பு பார்த்து வெட்டினார். ஒரே வெட்டு. மாடு கத்தவில்லை. காலைத் தூக்கப் பார்த்தது, முடியாமல் அந்தப் பக்கமாகச் சரிந்தது. விழுந்த பிறகும் வாயில் வெண்டை இலை இருந்தது.

அக்கா புல்லுக்கட்டோடு ஓடிவந்தார். கட்டைப் போட்டுவிட்டு அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். திட்டவில்லை. "சினை மாடுன்னு தெரியுமாடா உனக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியும்" என்றார் என் கணவர்.

பொய்யாவது சொல்லியிருக்கலாம்.

கால் ஒட்டாது என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். இருந்தாலும் அக்கா மஞ்சளை அரைத்துக் கட்டி, சாக்குப் பந்தல் போட்டுக் கூடவே உட்கார்ந்திருந்தார். புண்ணில் ஈ முட்டை வைத்தது. மாடு எழ முயன்று முயன்று வெண்டைப் பாத்தியைச் சேறாக்கியது. கடைசியில் அவரே பக்கத்து மலாய்க் கிராமத்துக்குப் போய், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிடுகிற, மாடு அறுக்கிற பெரியவரைக் கூட்டிவந்தார். அந்த மலாய்க்காரர் நல்ல மனிதர். "கன்று உள்ளே இருக்கிறதே" என்று மலாயில் சொல்லித் தயங்கினார். கையை அசைத்துச் செய்யச் சொல்லிவிட்டு அக்கா சாலைவரை நடந்துபோய் முதுகைக் காட்டி நின்றார். என் கணவர் கொட்டகையை விட்டு வெளியே வரவேயில்லை.

மறுநாள் காலை அவர் மிஞ்சிய காயை ஏற்றிக்கொண்டு பாசாருக்குப் போனார். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வந்தார். மாடுகள் எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். வேலிக் கம்பியை அவரே அவிழ்த்து, மாடுகளைத் தட்டி உள்ளே விட்டார்.

"அக்கா, வேணாங்க்கா."

"நீ தள்ளி நில்லும்மா. உன்மேல ஏறிடப் போவுது."

பாத்தியோரம் கிடந்த கம்பை எடுத்தேன். ஓங்கினேன். பசியில் இருந்த மாடுகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செடிகள் முறியும் சத்தம், கூட்டமாக யாரோ சோறு தின்பது போல இருந்தது. தின்றது பாதி, மிதித்தது பாதி. என் கணவர் திரும்பி வந்தபோது தண்டுகள் மட்டும் நின்றன. அக்கா போகாமல் நடுவில் நின்றிருந்தார். கொட்டகைக்குள் போய்ப் பாராங்கை எடுத்துவந்து தம்பியின் காலடியில் போட்டார்.

"இப்ப வெட்டுடா. எல்லாம் இங்கதான் நிக்கிது. என் காலும் இருக்கு."

என் கணவர் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. அது ஓடிக்கொண்டே இருந்தது. வண்டிமேல் உட்கார்ந்தபடி அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அக்கா பார்த்தார். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. ஓடை நிறைந்து, கரை ஏறி, வெறும் பாத்திகளைக் கரைத்துக்கொண்டு போனது.

அக்கா மாடுகளை லோரிக்காரனிடம் விற்றுவிட்டு மகனிடம் போய்விட்டார். நாங்கள் ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் வாடகை வீட்டுக்கு வந்தோம். இவர் ஒரு குடியிருப்பில் காவல் வேலைக்குப் போகிறார். நான் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் பாத்திரம் கழுவுகிறேன்.

போன தையில் அக்காவின் மகனுக்குக் கல்யாணம். போனில் என்னைத்தான் கூப்பிட்டார். "நீ வா. அவன் வரவேணாம்." பஸ் ஏறித் தனியாகப் போனேன். முதல் பந்தியில் உட்காரவைத்து, அவர் கையாலேயே பரிமாறினார். என் உடம்பைக் கேட்டார், வேலையைக் கேட்டார், முடி கொட்டுவதைக்கூடக் கேட்டார்.

நான் திரும்பியபோது என் கணவர் வேலை உடையைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அக்கா என்னைப் பத்தி என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல."

தலையை ஆட்டிக்கொண்டார். "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு" என்றேன்.