பேத்தி ரூம்ல ஒரு உப்பல்

பேத்தி பொறந்ததுல இருந்து பெயிண்டருக்குக் கால் தரையில படல. வேலைக்குப் போற வீட்டுல எல்லாம், பேத்தி மூக்கு யார் மாதிரின்னு சொல்லி முடிச்சுட்டுத்தான் டப்பாவையே திறப்பார். மூக்கு அவர் மாதிரியாம். பாவம் அந்தக் குழந்தைன்னு சம்பந்தி சிரிப்பார்.

ஒரு காலையில குழந்தையை ஏந்திக்கிட்டு ஜன்னல் பக்கம் நின்னப்போ, வலது கண்ணுல மட்டும் ஷட்டர் இறக்கின மாதிரி இருட்டிடுச்சு. வலி கிலி ஒண்ணும் இல்ல. பிள்ளையை மகள் கையில கொடுக்கறதுக்குள்ள வெளிச்சம் திரும்பிடுச்சு. எல்லாம் பெயிண்ட்ல கலக்கற தின்னர் வாடைதான்னு அவரே தீர்ப்பும் சொல்லிட்டார். மகள் கேக்கல. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போயிட்டா.

டாக்டரம்மா கழுத்துல கருவியை வெச்சு ஸ்கேன் எடுத்தாங்க. மூளைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோற குழாய்ல, வலது பக்கம் கொழுப்பு படிஞ்சிருக்காம். அடைப்பு பாதி கூட இல்ல. ஆனா உள்ளே கூழ் மாதிரி கொழுப்பு, மேலே மெல்லிசா ஒரு தோல். தோல் கிழிஞ்சா அங்கேயே ரத்தம் உறைஞ்சு துணுக்கு மேலே ஏறிடும். கண்ணுக்குப் போனது சின்னத் துணுக்கு, அதுவா கரைஞ்சுடுச்சு. அடுத்தது மூளைக்குப் போனா கை கால் விழுந்துடும், பேச்சும் போயிடலாம்னு சொல்லி, ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, கொழுப்பை அடக்க ஒண்ணுன்னு மாத்திரை கொடுத்தாங்க. பீடியையும் விடச் சொன்னாங்க.

அவர் காதுல ஏறினது "பாதி கூட இல்ல" மட்டும்தான். ஏன்னா சம்பந்திக்கும் அதே இடத்துல அடைப்பு, அதுவும் பாதிக்கு மேல. அது சுண்ணாம்பு ஏறிக் கல்லா இறுகிப்போனது. மாத்திரை போட்டுக்கிட்டு அப்பப்போ வந்து காட்டுங்கன்னு அனுப்பிட்டாங்க. வருஷக்கணக்கா அவர் குத்துக்கல் மாதிரிதான் இருக்கார்.

"பெரிய அடைப்புக்காரன் நானே சும்மா இருக்கேன். குட்டி அடைப்புக்கு என்னா ஆர்ப்பாட்டம், சம்பந்தி"ன்னு அவர் வேற ஏத்திவிட்டார்.

ரிப்போர்ட்டை மாத்திக் கொடுத்துட்டாங்கன்னே பெயிண்டர் முடிவு கட்டிட்டார். மாத்திரை, சுவத்துல பூசற பட்டி டப்பாவுக்குப் பின்னாடி போச்சு. மகள் கண்டுபிடிச்சா. சத்தம் போடல.

"மாத்திரை போடாத கையில பிள்ளை கிடையாதுப்பா."

அதுக்கப்புறம் அவர் முகத்தைப் பார்க்க முடியல. மகளைச் சமாதானப்படுத்தலாம்னு பேத்தி ரூமுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சார். சுவத்துல எவனோ கொத்தனார் விட்டுட்டுப் போன சிமெண்ட் கட்டி ஒண்ணு துருத்திக்கிட்டு இருந்துச்சு. உளி வெச்சு அடிச்சும் அசையல, அப்படியே மேல பெயிண்ட் அடிச்சுட்டார். அதுக்குப் பக்கத்துலயே ஈரத்துல சுவர் காசு அளவுக்கு உப்பியிருந்துச்சு. சுரண்டிட்டுப் பட்டி போட்டுத்தான் அடிக்கணும்னு அவருக்குத் தெரியாதா? இத்துனூண்டு தானேன்னு அது மேலயும் ஒரு கோட்டிங்.

பெயிண்ட் காய்ஞ்சதும் சம்பந்தி மரத்தொட்டிலோட வந்தார். ரெண்டு பேருமா உள்ளே தள்ளினாங்க. தொட்டில் மூலை சிமெண்ட் கட்டியில டொக்குன்னு மோதுச்சு. கட்டிக்கு ஒரு கீறல் கூட இல்ல. கொஞ்சம் திருப்பினாங்க. மூலை உப்பல்ல லேசாத்தான் உரசியிருக்கும், பெயிண்ட் தோல் பிஞ்சு உள்ளே இருந்த ஈரப்பொடி பொலபொலன்னு தொட்டில் மெத்தை மேல கொட்டிடுச்சு.

எதுக்கெடுத்தாலும் நக்கலடிக்கிற சம்பந்தி குனிஞ்சு அந்தப் பொடியைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தக் கட்டி நான், சம்பந்தி. நீங்க இந்த உப்பல்"ன்னார் மெதுவா. "தெரியாம ஏத்திவிட்டுட்டேன்."

பெயிண்டர் மெத்தையை உதறினார். பட்டி போடற தகட்டை எடுத்து, கெட்டிச் சுவர் தட்டுப்படற வரைக்கும் அந்த இடத்தைச் சுரண்டினார். வாரின பொடியோட சட்டைப் பையில இருந்த பீடிக்கட்டும் குப்பைக்குப் போச்சு. கையைக் கழுவிட்டு வந்து, மகள் எதிர்ல நின்னு தண்ணி கேட்டார். மாத்திரை உள்ளே இறங்குச்சு.

மகள் உடனே பிள்ளையைத் தரல. தினமும் இப்படி என் எதிர்லதான்னு சொன்னா. தலையை ஆட்டினார்.

"நிக்க வேணாம், உக்காருங்கப்பா."

உக்கார்ந்தார். பிள்ளையை மடியில வெச்சா. அவர் இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால மட்டும் பேத்தியை ரொம்ப நேரம் பார்த்தார். நல்லாத் தெரிஞ்சுது. மூக்கு அவர் மூக்கேதான்.