மல்லிப் பாத்தியும் என் வயிற்றுவலியும்

வறுத்த கொத்தமல்லி விதையை ரப்பர் செருப்பால் தேய்த்தால் எழுகிற வாசனை எப்படியிருக்கும் என்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்ட விதம் அவ்வளவு பெருமைக்குரியதல்ல.

நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் காட்டில் சித்தப்பா வருடா வருடம் தக்காளிதான் நடுவார். அந்தக் கோடையில் அம்மா, கிணற்றை ஒட்டிய துண்டு நிலத்தில் மல்லித்தழை போடுவேன் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கினாள். வெயிலில் தழை அரிது, நாற்பது நாளில் பிடுங்கிவிடலாம், கல்யாணச் சமையல்காரர்கள் காட்டுக்கே வந்து கட்டுக் கட்டாக வாங்கிப் போவார்கள் என்பது அவள் நம்பிக்கை.

“முளைக்கலைன்னா தக்காளி நட்டுருவேன் அண்ணி, அப்பறம் கேக்கக் கூடாதுங்க” என்றார் சித்தப்பா.

மல்லியை முழுதாகப் போட்டால் சரியாக முளைக்காது. ‘தேச்சி’ இரண்டாகப் பிளக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது. அலமாரியில் ஒரே மாதிரி இரண்டு டப்பாக்கள். ஒன்றில் விதை மல்லி. மற்றதில் வயிற்றுவலிக்கும் பித்தத்துக்கும் ‘மல்லிக்காப்பி’ போடவென்று வறுத்து வைத்தது. கைக்கு எட்டியதை எடுத்தேன். சாக்கில் கொட்டிச் செருப்பால் தேய்த்ததும் படபடவென உடைய, நம் கைக்கு இவ்வளவு வலுவா என்று பூரித்துப்போய், மணல் கலந்து, அம்மா வந்து பார்ப்பதற்குள் பாத்தியில் தூவியும் விட்டேன்.

பன்னிரண்டு நாள் தண்ணீர் விட்டும் ஒரு முளை இல்லை.

“என்ன அண்ணி, மண்ணக் குளிப்பாட்டறீங்களா?”

“உங்க தக்காளி மட்டும் நட்ட அன்னிக்கே காய்ச்சுதுங்களா தம்பி?” என்றாள் அம்மா, குடத்தைக் கீழே வைக்காமல்.

பதின்மூன்றாம் நாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. எனவே வழக்கம்போல வயிற்றுவலி. வெல்லம் தட்டிப் போட்ட மல்லிக்காப்பி கிடைக்கும் என்பதால் எனக்குக் கொஞ்சம் பலமாகவே வலிக்கும். மிச்சமிருந்த டப்பாவைத் திறந்த அம்மா ஒன்றை வாயில் போட்டுக் கடித்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இது வறுக்காதது. அப்ப நீ தேச்சது எது புள்ள?”

அப்போதுதான் நிஜமாகவே வயிறு வலித்தது.

அடிக்கவில்லை. நேராகச் சித்தப்பாவிடம் போய், “வறுத்தத வெதச்சிட்டோங்க தம்பி. இன்னொருக்கா போடறேன்” என்றாள்.

சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து சிரித்தார். “நல்லவேள, அரைச்சித் தூவல. தக்காளி நாத்து இன்னும் பத்து நாளு தாங்குங்க அண்ணி. அதுக்கு மேல தாங்காது.”

அன்று மதியமே, பரீட்சை எழுதிவிட்டு வந்து, நல்ல விதையைத் தேய்த்து அம்மா பார்க்கப் பார்க்கத் தூவினேன். காலையும் மாலையும் குடம் சுமந்தேன், பரீட்சை நாட்களிலும். ஒன்பதாம் நாள் விடிந்ததும் பாத்தி முழுக்க இரண்டிரண்டு இலை. சித்தப்பா நாற்றுக் கூடையை மேட்டு நிலத்துக்குத் தூக்கிப் போனார்.

இன்று அந்தத் துண்டில் நான்தான் மல்லி போடுகிறேன். பிளந்த விதையே பாக்கெட்டில் வருகிறது. ஆனாலும் ஒன்றைக் கடித்துப் பார்க்காமல் தூவுவதில்லை. சித்தப்பா இப்போதும் வரப்பில் நின்று, “வறுத்ததா கண்ணு, வறுக்காததா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஒரு கட்டு எடுத்துப் போகிறார். செருப்புக்கு இருந்த வேலை போய்விட்டது. அதற்கும் முன்பே, அந்தப் பதின்மூன்றாம் நாளே, அடியோடு போனது என் பரீட்சை வயிற்றுவலி. மல்லி கைகண்ட மருந்துதான். எனக்கு அதைக் குடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.