பதினோராம் படியில் ஒரு கீறல்

எவரிஸ்ட் முப்பத்திரண்டு வருடம் தபால்காரர். இந்த ஊரில் அவர் ஏறி இறங்காத மாடி கிடையாது. முழங்கால் இரண்டும் போனபின், சொந்த வீட்டு மாடியிலேயே அடைந்து கிடந்தார்.

ஐந்நூறு வருடத்து வீடு அது. கீழே என் முடிதிருத்தும் கடை. இரண்டாம் மாடியில் அவரும் மனைவி ஒனொரீனும். வாசலில் 'பாதுகாக்கப்பட்ட பழஞ்சின்னம்' என்று அரசாங்கப் பலகை, அதைப் படமெடுக்கத் தினமும் கூட்டம். உள்ளே தேய்ந்து குழிந்த சுழல் கல்படி, பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி கேட்டு ஒனொரீன் மூன்று வருடம் மனுப் போட்டாள். ஒருநாள் அதிகாரி வந்து கல்லைத் தடவிப் பார்த்தார்.

"இதுல ஓட்டை போடக்கூடாதும்மா. போச்சுன்னா திரும்ப வராது."

"நான் போனா மட்டும் திரும்ப வருவேனாக்கும்?" என்றாள். சிரித்துக்கொண்டே போனான், பாவி.

பிப்ரவரியில் ரொட்டி வாங்க இறங்கும்போது விழுந்தாள். ஆறாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்தாள்.

"ஒரு தடவை அவளைத் தொடணும்மா. இங்க கொண்டுவரச் சொல்லு," என்றார் எவரிஸ்ட் என்னிடம். "நான் இறங்கினா திரும்ப ஏற முடியாது. முதியோர் இல்லத்துலதான் கொண்டுபோய்த் தள்ளுவாங்க."

நான்கு பேர் சவப்பெட்டியைத் தூக்கிவந்தார்கள். பதினோராம் படியில், திருப்பத்தில், அது சுவரைக் கீறிக்கொண்டு சிக்கிவிட்டது.

"கல்லு, கல்லு! பாத்துடா!" என்றான் ஒருவன்.

"நாசமாப் போகட்டும் கல்லு!" என்று கத்தினேன்.

மேலே ஏதோ உரசும் சத்தம். கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக நகர்ந்து வந்தார் எவரிஸ்ட்.

"அண்ணே, வேணாம்! ஏற முடியாதுண்ணே!"

"தெரியும்மா."

பெட்டியின் தலைமாட்டில் கன்னத்தை வைத்தார். "வந்துட்டேன்டி," என்றார். பிறகு அதன் பின்னாலேயே வாசல்வரை இறங்கினார். அன்று மாலையே அவரை இல்லத்தில் சேர்த்தார்கள்.

அந்தக் கீறலைப் பார்க்க மூன்றே நாளில் அதே அதிகாரி வந்தார்.

ஏப்ரலில் எவரிஸ்டைப் பார்க்கப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார்.

"கம்பி போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்.

இல்லையென்று சொல்ல மனசு கேட்கவில்லை. "போட்டாச்சு அண்ணே," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. குனிந்து கட்டிலுக்கடியில் கையை விட்டுத் துழாவினார்.

"அப்ப அந்த ஷூவை எடும்மா. வீட்டுக்குப் போயிரலாம்."