பேட்டையில் வாங்கிய வெறும் போர்டு

எங்கள் பழைய காரின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, நாங்களே செய்த கம்ப்யூட்டரால் இன்ஜினை ஓட்ட வேண்டும் என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நெடுநாள் ஆசை. அதற்கான வரைபடத்தையும் மென்பொருளையும் இணையத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்க்யூட் போர்டைத்தான் வாங்க வேண்டும்.

இன்று பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி, இரண்டு போர்டுகளை மேசையில் வைத்தார். ஒன்றில் எல்லாம் பொருத்தியிருந்தது. காரில் மாட்டினால் போதும். மற்றது வெறும் போர்டு. பாகங்கள் தனியாக ஒரு கவரில் கிடந்தன. ஒவ்வொன்றாகச் சால்டரிங் செய்து பற்றவைக்க வேண்டும்.

சவுதியில், தம்மாமில் வேலை பார்க்கும் வீட்டுக்காரருக்கு வீடியோ காலில் காட்டினேன்.

“ரெடியா இருக்கதையே எடுத்துரு. லீவு மறுபடியும் தள்ளிப் போயிட்டு. எனக்காவ காத்துக் கெடக்காத, நீயே ஓட்டிப் பாரு,” என்றார்.

நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த இன்ஜின் முதல்முறை உறுமும்போது பக்கத்து சீட் காலியாக இருக்கும் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வெறும் போர்டைக் கையில் எடுத்தேன்.

“ஏட்டி, அத யாரு பத்தவைக்கது? ஒனக்குக் கை நடுங்குமே!” என்றார் போனில்.

“நீங்கதான் மச்சான். வந்து பத்தவைங்க.”

திரையில் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஒரு பாகத்தையும் தொலச்சிராத. நாளைக்கே போயி லீவு கேக்கேன்,” என்றார் கடைசியில்.

சால்டரிங் தெரிந்த நண்பர்கள் உதவிக்கு வரட்டுமா என்று கேட்காதீர்கள். முதலாளியிடம் லீவு வாங்கத் தெரிந்தவர்கள் மட்டும் கமெண்டுக்கு வாருங்கள்.