படுக்கை விளக்கில் தொங்கிய நரி

என் வீட்டுக்காரர் சாமி கும்பிட மாட்டார். ஜாதகம் என்றால் சிரிப்பார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு வாரம், கல்லால் செய்த நரியின் முகத்தைப் பார்த்துத்தான் கண் திறப்பேன் என்று அடம்பிடித்தார். அந்த நரியைச் செதுக்கியவள் நான்.

நாங்கள் பிழைக்க வந்த வெளிநாட்டு ஊரில், மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் அவர் வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள். எங்கள் இருவரின் விசாவும் அந்த வேலையை நம்பித்தான் இருந்தது. வேறு வேலை கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர் விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார்; எவரும் கூப்பிடவில்லை. நான் பாட்டனி டவுன்ஸில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தேன். சனிக்கிழமைகளில் ஹென்டர்சனில் ஒரு ஷெட்டில் கல் செதுக்கப் போவேன். கலை ஆர்வம் என்று வெளியே சொல்லிக்கொள்வது. உண்மையில், வீட்டில் உட்கார்ந்து அவருடைய பெருமூச்சைக் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

கடையில் என்னோடு வேலை பார்க்கும் ஜப்பான்காரப் பெண், கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு நரி செய்து தரச் சொன்னாள். அவர்கள் ஊர்க் கதைகளில் நரி, நெல்லுக்கான தெய்வத்தின் தூதராம். களஞ்சியத்துச் சாவியை வாயில் கவ்வியிருக்குமாம். அதுவே பெண்ணாக உருமாறி ஒருவனைக் கட்டிக்கொண்டு, குட்டு வெளிப்படும்வரை குடித்தனமும் நடத்துமாம். கார்னீலியன் என்ற சிவப்புக் கல்லில் கட்டைவிரல் அளவுக்குச் செய்தேன். சாவியைச் செதுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொண்டேன். கை கொஞ்சம் தப்பினால் நரி கொழுக்கட்டையைக் கவ்வியது போல ஆகிவிடும்.

மெருகேற்றி முடித்த அன்று அதை அவர் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுத் தூங்கிப்போனேன். காலையில் அவர் கண் திறந்தது நரியின் முகத்தில். பல் துலக்கி முடிப்பதற்குள் போன் வந்தது: அடுத்த திங்கட்கிழமை இன்டர்வியூ.

எதிர்பாராமல் ஒருவருக்கு நல்லது நடந்தால், நரி முகத்தில் முழித்தாயா என்று நம்மூரில் கேட்போம். கேட்பதோடு சரி. நரியைத் தேடி யாரும் போவதில்லை. இவர் தேடவே வேண்டியிருக்கவில்லை, பெண்டாட்டியே செய்து வைத்திருந்தாள்.

"திங்கட்கிழமை வரைக்கும் இதைக் குடுத்துடாத."

"அது இன்னொருத்திக்குச் செஞ்சதுங்க."

"நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்? பார்க்கத்தானே போறேன்."

தினமும் படுக்கும்போது நரியை அதன் கழுத்துக் கயிற்றோடு படுக்கை விளக்கில் மாட்டுவார். காலையில் கண்ணை இறுக மூடிக்கொண்டு துழாவுவார். முதலில் என் மூக்கு அகப்படும். அதைத் தள்ளிவிட்டு, விளக்கைப் பிடித்து, நரிக்கு நேராக முகத்தை வைத்த பிறகுதான் கண் திறக்கும்.

அந்த ஜப்பான்காரத் தோழியிடம் உள்ளதைச் சொல்லி ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். சிரிப்பாள் என்று பார்த்தால், நரியிடம் எதையும் சும்மா வாங்கக் கூடாது, சோயாப் பாலில் செய்யும் டோஃபுவைப் பொரித்துப் படைக்க வேண்டும் என்றாள். வீட்டில் டோஃபு இல்லை. இவர் யோசித்துவிட்டு மசால்வடை சுடச் சொன்னார்.

"ரெண்டும் எண்ணெயில பொரிச்சதுதானே."

நரிக்கு ஒன்று படைத்தார். மிச்சத்தை அவரே தின்று தீர்த்தார்.

திங்கட்கிழமை காலை அவர் போட்ட சத்தத்தில் விழித்தேன். அறையைச் சூடாக்கும் ஹீட் பம்ப்பின் காற்றில் கயிறு முறுக்கிக்கொண்டு நரி திரும்பிவிட்டிருந்தது. இவர் முழித்தது வாலில்.

"நான் போகலை," என்று போர்வைக்குள் புகுந்துகொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "கல்லு வாலைப் பார்த்துட்டு வேலையை விடுற ஆளு நீங்க ஒருத்தர்தான். இத்தனை வருஷம் என் மூஞ்சியிலதானே முழிச்சீங்க? அப்ப வேலை இருந்துச்சுல்ல?"

போர்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். அப்புறம் சொன்னார்.

"உன் மூஞ்சியைப் பார்த்தா நீ பயந்து போயிருக்கிறது தெரியுது. காலையில முதல்ல அதைப் பார்க்க முடியலை. நரிக்கு பயம் கிடையாது."

எல்லாவற்றையும் கிண்டலடித்தே மறைத்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மனிதர் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. குளியலறைக்குப் போய் முகம் கழுவி, கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டும் சிரிப்பை முழுசாகப் போட்டுக்கொண்டு வந்து போர்வையை இழுத்தேன்.

"இப்பப் பாருங்க."

பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "இதுக்கு அந்த வாலே தேவலை," என்று எழுந்து சட்டையைத் தேடினார்.

வேலை கிடைத்தது. நரி அதற்கு உரியவள் கழுத்துக்குப் போனது. மறுநாள் காலை அவர் எதையும் துழாவவில்லை. சும்மா கண்ணைத் திறந்தார். எதிரே நான்தான் இருந்தேன்.