ஜாக்கி போட்டு நிமிர்த்திய கைமரம்

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் பார வண்டியை அசராமல் ஒடித்துத் திருப்புகிற ஆள் லாரிக்காரர். ஆனால் ஏணியில் ஏறுவதென்றால் அவருக்குப் பயம். கட்டிய மனைவியிடம்கூட இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கூடத்துக் கூரை நடுவில் தொங்க ஆரம்பித்ததும் வந்தது வினை. விரிசல் விட்ட ஓட்டு வழியாக ஒழுகிய தண்ணீரில், ஓடுகளைத் தாங்கும் கைமரம் ஒன்று மக்கிப்போயிருந்தது. தச்சர் வந்து நீளக் கம்பியால் குத்தினார். மரம் பொடியாகக் கொட்டியது.

"முழுசா கழட்ட வேண்டாம். மெல்லத் தூக்கி நிறுத்தி, மக்கினதைச் செதுக்கிட்டு, பக்கத்துல புது மரம் வெச்சு போல்ட் போட்டா போதும். மரத்தை அறுத்துத் துளை போட்டு நான் தர்றேன். ஏறத்தான் இந்தக் கை விடாது" என்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார். "உங்களுக்கென்ன, இதெல்லாம் ஜுஜுபி!"

லாரிக்காரர் சிரித்து மழுப்பினார். புது மரம் வந்து சுவரில் சாய்ந்து கிடந்தது. ஒருநாள் வண்டிக்கு கிரீஸ் போடணும் என்றார், மறுநாள் தலைவலி என்றார். வானம் கறுத்துக்கொண்டே வந்தது. தையல் வேலை பார்க்கும் அவர் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். கடைசியில் ஏணியைக் கொண்டுவந்து கூடத்தில் சாத்தினாள்.

"ஏறுங்க."

ஏறினார். இரண்டாவது படிக்கு மேல் காலை எடுத்து வைக்கவில்லை. ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு… உயரம்னா பயம்."

அவள் சிரிக்கவில்லை. "அதான் பரண்ல இருக்கிறதெல்லாம் இத்தனை வருஷமா நானே இறக்கினேனா? சரி, இறங்குங்க. நான் ஏறுறேன். கீழேயிருந்து தூக்க உங்க ஜாக்கி இருக்குல்ல?"

அவர் முகத்தில் உயிர் வந்தது.

அவருடைய பழைய சட்டையையும் பேன்ட்டையும் போட்டுக்கொண்டு அவள் அந்த இடத்து ஓடுகளைப் பிரித்துக் கூடையில் இறக்கினாள். அவர் தரையில் பலகை போட்டு, லாரி ஜாக்கியை வைத்து, அதன்மேல் தடித்த கட்டையை நிமிர்த்திக் கைமரத்துக்கு முட்டுக் கொடுத்தார். இது அவர் ராஜ்ஜியம். கொஞ்சம் ஏற்றுவார், மரம் முனகும், நிறுத்திக் காது கொடுப்பார், மறுபடி ஏற்றுவார்.

"இன்னும் கொஞ்சம்… போதும், போதும்! நேராயிடுச்சு."

அவள் மக்கிய பகுதியைச் செதுக்கித் தள்ளினாள். இருவருமாகக் கயிறு கட்டிப் புது மரத்தை மேலேற்றினார்கள். அவள் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அத்தை எட்டிப் பார்த்தாள்.

"ஏன் தம்பி, அவளை மேல ஏத்திட்டு நீ கீழ நிக்கிறே?"

"எனக்கு உயரம்னா பயம் அத்தை."

"அட, எங்க வீட்டுக்காரருக்குக் கரப்பான்பூச்சின்னா பயம்" என்று சொல்லிவிட்டு அத்தை தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

இவ்வளவுதானா என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் ஜாக்கியை மெல்ல இறக்கினார். மரம் அசையவில்லை. அவள் வெளிப்பக்கமாக ஏறி ஓடுகளை வேய்ந்து முடித்தாள்.

"இங்கேயிருந்து நம்ம தெரு எவ்வளவு அழகா இருக்கு! வந்து பாருங்களேன்."

"நீ சொல்லு, நான் கேட்டுக்கிறேன்" என்றார், ஏணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்தபடி.

அவள் தெருக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள்.